ரைடர் கோப்பையில் பணம் கட்டிய மூன்று இரவுகள்

2025 செப்டம்பர் 26 முதல் 28 வரையிலான மூன்று நாட்களில் நான் 60,000 ரூபாயை இழந்தேன். அப்போது என் மாதச் சம்பளம் 26,000 ரூபாய். இழந்தது சீட்டாட்டத்திலோ கிரிக்கெட்டிலோ அல்ல. நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நடந்த ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியில். 2026 செப்டம்பரில் அமெரிக்காவின் மெடைனா மைதானத்தில், அமெரிக்காவும் ஐரோப்பா நீங்கலான பிற நாடுகளின் அணியும் மோதும் பிரெசிடெண்ட்ஸ் கோப்பை கோல்ஃப் போட்டி நடக்கவிருக்கிறது. அதற்கு எங்கே, எப்படிக் கட்டுவது என்று பழைய வண்ணாரப்பேட்டையில் என் தெருவிலேயே இரண்டு இளைஞர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கோல்ஃப் தெரியும் என்பதுதான் என் கதையின் தொடக்கம். பதினாறு வயதிலிருந்து மூன்று ஆண்டுகள், சனி ஞாயிறுகளில் விடியற்காலையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடந்து சென்று, தாம்பரம் மின்ரயிலில் ஏறிக் கிண்டியில் இறங்கி, குதிரைப் பந்தய மைதானத்தின் உள்ளே இருந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, பந்து குழியருகே எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் அந்த வயதில் கற்றேன். பிறகு லிங்கிச் செட்டித் தெருவில் சுங்கத் தீர்வை முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மைதானம் போய்விட்டது, ஆட்டத்தின் மீதிருந்த ஆசை மட்டும் போகவில்லை. கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் குருட்டாம்போக்கில் கட்டுகிறார்கள் என்றும், நான் கட்டினால் அது அறிவைக் கொண்டு செய்யும் தொழில் போன்றது என்றும் உள்ளூர நம்பினேன். என்னைக் கவிழ்த்தது அந்த நம்பிக்கைதான்.

2023இல் ரைடர் கோப்பை ரோம் நகரில் நடந்தது. ஐரோப்பிய மண்ணில் அமெரிக்கா 1993க்குப் பிறகு வென்றதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்துக்கு அருகில் தேநீர்க் கடையில் பழக்கமான ஒருவர் மூலம் ‘ஐடி’ (இணையப் பந்தயத் தளத்தில் பணம் கட்டுவதற்கான கணக்கு) வாங்கி, ஐரோப்பா வெல்லும் என்று 2.30 ரேட்டில், அதாவது வென்றால் ஒரு ரூபாய்க்கு 2.30 ரூபாய் என்ற கணக்கில், 3,000 ரூபாய் கட்டினேன். ஐரோப்பா 16½–11½ என்று வென்றது. 6,900 ரூபாய் கைக்கு வந்தது. மகளுக்குப் பள்ளிப் பையும் காலணியும் வாங்கினேன். மறு ஆண்டு மான்ட்ரியலில் நடந்த பிரெசிடெண்ட்ஸ் கோப்பையில், முதல் நாள் ஐந்து ஆட்டங்களையும் அமெரிக்கா வென்றதைக் கண்டு, இரண்டாம் நாளும் அமெரிக்காவே என்று 2,000 ரூபாய் கட்டினேன். அன்று ஐந்து ஆட்டங்களையும் எதிரணி வென்றது. 5–0க்கு மறுநாளே 0–5. அணிக் கோல்ஃப் ஒரே இரவில் எப்படிப் புரண்டுபோகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைத்திருக்க முடியாது. ஆனால் ரோமில் வந்த 6,900ஐ நான் பத்துப் பேரிடம் சொன்னேன். மான்ட்ரியலில் போன 2,000ஐ யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. கணக்கு எழுதாதவனுக்கு வெற்றி மட்டுமே நினைவில் தங்குகிறது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

போட்டியின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். சாமுவேல் ரைடர் என்ற ஆங்கிலேய விதை வணிகரின் பெயரில் 1927இல் தொடங்கிய இந்தக் கோப்பையில் ஒவ்வோர் அணியிலும் 12 பேர். மூன்று நாட்களில் 28 ஆட்டங்கள்; வென்றால் ஒரு புள்ளி, சமன் ஆனால் ஆளுக்கு அரைப் புள்ளி. வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களிலும், நாளுக்கு இரண்டு சுற்றாக, இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவார்கள்: ஒரே பந்தை மாறி மாறி அடிப்பது ஃபோர்சம்ஸ், ஆளுக்கொரு பந்து அடித்து இணையில் சிறந்ததை எடுத்துக்கொள்வது ஃபோர்பால். ஞாயிறன்று 12 தனி ஆட்டங்கள். கோப்பையை வெல்ல 14½ புள்ளிகள் வேண்டும்; ஏற்கெனவே கோப்பையை வைத்திருக்கும் அணிக்கு அதைத் தக்கவைத்துக்கொள்ள 14 போதும். 14–14 என்று முடிந்தால் கோப்பை பழைய அணியிடமே இருக்கும். ஆனால் பந்தயக் கணக்கில் அது ‘டை’. அமெரிக்கா, ஐரோப்பா, டை என்று மூன்று ரேட் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். ‘ஐரோப்பா’ என்று கட்டியவர், ஐரோப்பா கோப்பையைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே பணத்தை இழக்க நேரலாம்.

அந்த மூன்று ரேட்டையும் கூட்டிப் பார்க்க நான் அப்போது அறிந்திருக்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்கா 1.75, ஐரோப்பா 2.40, டை 12 என்று வைத்துக்கொள்வோம். நூறை ஒவ்வொரு ரேட்டாலும் வகுத்தால் முறையே 57.1, 41.7, 8.3 கிடைக்கும். கூட்டினால் 107.1. நடக்கக்கூடிய எல்லாவற்றின் வாய்ப்பும் சேர்ந்து நூறுதான் இருக்க முடியும். மேலே இருக்கும் ஏழு, எந்த அணி வென்றாலும் ரேட் கொடுப்பவருக்குப் போய்ச் சேரும் பங்கு. டைக்கு 12 என்பது கவர்ச்சியாகத் தெரியும். 2025 வரை நடந்த 45 ரைடர் கோப்பைகளில் 1969, 1989 ஆகிய இரண்டு மட்டுமே டையில் முடிந்தன. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அதற்கு 22க்கு மேல் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரில் ஒரு நிமிடத்தில் முடிகிற இந்த வகுத்தலை, கட்டிய எத்தனையோ முறைகளில் ஒருமுறைகூட நான் செய்ததில்லை.

2025க்கு வருகிறேன். ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெயர் பெற்ற செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. ஐடி கொடுத்தவர் அப்போதுதான் மீண்டும் தொடர்பு கொண்டார். “ஆப்பெல்லாம் மூடிட்டாங்கண்ணா. நம்ம ஐடில ஒரு பிரச்சினையும் இல்ல, திங்கக்கிழமை திங்கக்கிழமை செட்டில்மென்ட்,” என்றார். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டத்துக்கு வெளியே நடக்கும் வணிகத்தில் ஏமாற்றப்பட்டவனுக்கு முறையிட இடமில்லை என்ற எளிய உண்மையை நான் அன்றே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2014 முதல் 2023 வரை நடந்த ஐந்து ரைடர் கோப்பைகளையும் சொந்த மண்ணில் ஆடிய அணியே வென்றிருந்தது. ஆகவே பெத்பேஜில் அமெரிக்கா என்று 1.75 ரேட்டில் 10,000 ரூபாய் கட்டினேன். சீட்டுப் பணம் அது. நியூயார்க்கைவிட நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இங்கே மாலை நாலரைக்குப் பிறகு, நான் அலுவலகத்தில் இருக்கும்போதே தொடங்கியது. முதல் சுற்றை அமெரிக்கா வெல்லும் என்று 2,000 கட்டினேன், ஐரோப்பா 3–1. இரண்டாம் சுற்றுக்கு 4,000, ஐரோப்பா 2½–1½. அந்த 6,000 மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்தது.

சனிக்கிழமை நண்பகலில், பீரோவில் இருந்த என் மனைவியின் அரைச் சவரன் கம்மலை அவளுக்குத் தெரியாமல் எடுத்துச் சென்று அடகுக் கடையில் வைத்தேன். 30,000 ரூபாய் கொடுத்தார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. கடைக்காரர் ரசீது எழுதும்போது, “வீட்ல விசேஷமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று சொன்ன பொய்களில் அதுவே முதலாவது.

மாலைச் சுற்றுக்கு 8,000 கட்டினேன். ஐரோப்பா 3–1. இரவுச் சுற்றுக்கு 16,000. மீண்டும் ஐரோப்பா 3–1. நான்கு சுற்றுகளையும் ஐரோப்பாவே வென்று 11½–4½ என்ற நிலையில் சனிக்கிழமை முடிந்தபோது இங்கே ஞாயிறு அதிகாலை.

தோற்ற பின் தொகையை இரட்டிப்பாக்கும் இந்த முறையைப் பலரும் ஒரு சூத்திரம் போலச் சொல்வார்கள். என்றாவது ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். 2,000, 4,000, 8,000, 16,000 என்று நான்கு முறை தோற்றால் போனது 30,000. நான்காம் முறை வென்றிருந்தாலும், ரேட் இரண்டாக இருக்கும்பட்சத்தில் கையில் மிஞ்சும் லாபம் 2,000 மட்டுமே. அந்த 2,000 ரூபாய்க்காக 30,000ஐ வைத்து ஆடியிருக்கிறேன். மேலும் ஒவ்வொரு சுற்றும் சுண்டிவிட்ட நாணயம் போலத் தனித்தனியானது அல்ல. வெள்ளிக்கிழமை காலையில் ஐரோப்பாவின் மெக்கில்ராயும் ஃப்ளீட்வுட்டும் சேர்ந்து அமெரிக்காவின் ஹாரிஸ் இங்கிலிஷ், மொரிகாவா இணையை எளிதில் வீழ்த்தினார்கள். சனிக்கிழமை காலையில் அதே இரு இணைகளும் மீண்டும் மோதி, அதே முடிவுதான் வந்தது. வலுவான இணை மறுநாளும் வலுவாகவே இருக்கும். பை சுமந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்த விஷயம் இது. ‘இந்த முறை அமெரிக்காவின் முறை’ என்று நினைத்தவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, போன பணத்தை மட்டுமே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் என் நினைவில் அதிகம் உறுத்துவது. இரண்டு நாள் ஆட்டத்தைக் கண்டு ஐரோப்பியர்களே சிறந்தவர்கள் என்ற முடிவுக்கு வந்து, தனி ஆட்டங்களில் ஐந்து ஐரோப்பியர்கள் மீது தலைக்கு 4,000 வீதம் 20,000 ரூபாய் கட்டினேன்: மெக்கில்ராய், ஃப்ளீட்வுட், ராம், ஹாட்டன், ஹோவ்லண்ட். அதில் 6,000 அடகுப் பணத்தின் மீதி; 14,000 உடன் வேலை செய்யும் ஒருவரிடம், உறவினருக்கு மருத்துவச் செலவு என்று சொல்லி வாங்கியது.

ஹோவ்லண்ட் கழுத்து வலியால் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டத்திலிருந்தே விலகியிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அது எனக்குப் போதுமானதாகப் பட்டது. ரைடர் கோப்பையில் ஓர் உறை விதி உண்டு. எதிரணியில் ஒருவர் காயத்தால் தனி ஆட்டத்துக்கு வர இயலாமல் போனால் தம் அணியில் யாரை உட்கார வைப்பது என்று ஒவ்வொரு தலைவரும் ஒரு பெயரை முன்கூட்டியே உறையில் எழுதி வைப்பார். அமெரிக்கத் தலைவர் கீகன் பிராட்லியின் உறையில் இருந்த பெயர் ஹாரிஸ் இங்கிலிஷ். ஹோவ்லண்ட் ஆட இயலாது என்று உறுதியானதும், ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் அந்த ஆட்டம் சமன் என்று பதிவாகி இரு அணிக்கும் அரைப் புள்ளி கொடுக்கப்பட்டது. நடக்காத ஆட்டத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். ஐடி கொடுத்தவர், “ஸ்கோர்ல ஹாஃப்னு போட்டிருக்காங்கண்ணா, நீங்க ஜெயிக்கிறதுக்குதான கட்டினீங்க,” என்றார். விதிகளைக் காட்டும்படி கேட்டேன். காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

மற்ற நான்கும் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொன்றாகத் தொடங்கின. மனைவியும் மகளும் உறங்கிய பிறகு, கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாட்களாகத் திணறிய அமெரிக்கர்கள் அன்று எழுந்துவிட்டார்கள். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்த ஷெஃப்லர் மெக்கில்ராயை வென்றார். ஃப்ளீட்வுட் ஜஸ்டின் தாமஸிடம் தோற்றார். ராம் ஷாஃபலியிடம் தோற்றார். ஹாட்டன் சமன் செய்தார். ஐரோப்பிய அணிக்கு அந்த அரைப் புள்ளி பெரிய விஷயம், எனக்கு அது தோல்வி. அன்று ஆடப்பட்ட 11 தனி ஆட்டங்களில் ஐரோப்பா வென்றது ஒன்றே ஒன்றுதான், ஓபெர்க்கினுடையது, நான்கு சமன், மற்ற ஆறும் அமெரிக்காவுக்கு. ஆனாலும் லோரி எடுத்த அரைப் புள்ளியில் கோப்பை ஐரோப்பாவிடமே தங்கியது. இறுதிக் கணக்கு 15–13. அமெரிக்கா என்று கட்டிய 10,000மும் போயிற்று, ஐரோப்பியர்கள் மீது கட்டிய 20,000மும் போயிற்று. எதிரெதிரான இரண்டு பக்கத்திலும் ஒரே போட்டியில் ஒருவன் தோற்க முடியும் என்பதை அந்த இரவுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அன்றைக்கு நல்ல ஆட்டம் நடந்தது. அதில் ஒரு அடியையும் என்னால் ரசிக்க முடியவில்லை. யார் வெல்ல வேண்டும் என்று விரும்புவது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அரைப் புள்ளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் குழிக்கு மிக அருகில் இருக்கும் பந்தை அடிக்க வைக்காமல், ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எதிராளி விட்டுக்கொடுப்பது மரபு. 1969இல் ராயல் பர்க்டேலில் ஜாக் நிக்லஸ் கடைசிக் குழியில் டோனி ஜாக்லினுக்கு அப்படி விட்டுக்கொடுத்ததால்தான் கோப்பை வரலாற்றில் முதல் முறையாகப் போட்டி டையில் முடிந்தது. 2012இல், இதே மெடைனாவில், 6–10 என்று பின்தங்கியிருந்த ஐரோப்பா ஞாயிறன்று மீண்டு கோப்பையை உறுதி செய்துவிட்ட பிறகு, கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவின் டைகர் வுட்ஸ் ஐரோப்பாவின் மொலினாரிக்கு ஒரு குறுகிய ‘பட்’ அடியை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) விட்டுக்கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அதனால் கணக்கு 14–14 ஆகாமல் 14½–13½ ஆயிற்று. மைதானத்தில் நிற்கிறவனுக்கு அது நல்ல பண்பு. அதைப் பார்த்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் டை என்று கட்டியிருந்தவனின் பணம் அந்தக் கையசைப்பிலேயே போய்விட்டது. ஆட்டக்காரர்கள் தங்கள் மரபுப்படி ஆடுகிறார்கள். நம் பணம் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

‘அதிகப் புள்ளி எடுப்பவர் யார்’ என்பதற்குக் கட்ட விரும்புவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: இருவர் சமமாக முடித்தால் கட்டிய தொகையில் பாதிக்கு மட்டுமே ரேட் கணக்கிடப்படும், மூவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து ஆட்டங்களுக்கு மேல் யாரும் ஆட முடியாத போட்டியில் இப்படிச் சமமாக முடிவது அரிதல்ல.

பணம் போனதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதாமலே இருந்திருக்கக்கூடும். ஐடியில் மிச்சமிருந்த 1,850 ரூபாயைத் திங்கட்கிழமை திருப்பிக் கேட்டேன். யாரென்றே தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து அது வந்து சேர்ந்தது. நவம்பரில் என் சம்பளக் கணக்கு முடக்கப்பட்டது. அந்த 1,850ஐ அனுப்பிய கணக்கின் மீது வேறு மாநிலத்தில் இணைய மோசடிப் புகார் இருப்பதாக வங்கியில் சொன்னார்கள். சம்பளம் உள்ளே கிடக்க, வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நின்றேன். கடிதம், கணக்கறிக்கை, அடையாள அட்டை நகல் என்று அனுப்பி, கணக்கு விடுபட ஆறு வாரமாயிற்று. பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் யுபிஐ எண் கொடுக்கிறார்கள் என்றால் அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள் என்று பொருள்; அங்கே அனுப்புவதைப் போலவே அங்கிருந்து பெறுவதும் ஆபத்தானது. அப்படி நேர்ந்துவிட்டால் ஒளிக்காமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள்.

கணக்கு முடங்கிய அன்றுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. “கம்மல நான் அக்டோபர்லயே தேடினேன்,” என்று மட்டும் சொன்னாள். ஒரு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து, மாப்பிள்ளை என்ற மரியாதையைக் குறைக்காமல், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை என் கைப்பேசியில் போட்டு என்னையே பேச வைத்தார். மறுமுனையில் பேசியவர் தமிழில் பொறுமையாகக் கேட்டு, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லும்படி வழி சொன்னார். சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதை அங்கே கேட்டபோது, வெட்கத்தில் பாதி என்னைவிட்டு இறங்கியது போலிருந்தது. அங்கே என்னை முதலில் செய்யச் சொன்னது ஒரு நோட்டில் எழுதுவதை: எப்போது கட்டத் தோன்றுகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, கையில் எவ்வளவு இருந்தது. எழுதிப் பார்த்தபோது, எனக்குக் கட்டத் தோன்றிய நேரங்களில் பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கு மேல், தனியாக இருக்கும்போது, பழைய கடன் நினைவுக்கு வந்த பின் என்று தெரிந்தது. அதன் பிறகு என் யுபிஐயின் அன்றாட உச்சவரம்பைக் குறைத்தேன், சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுப் பணத்தை மனைவியின் கணக்குக்கு மாற்றினேன், இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். இவற்றில் மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உதவியது.

உடன் வேலை செய்பவரிடம் உண்மையைச் சொல்லி, மாதம் 2,000 வீதம் ஏழு மாதத்தில் திருப்பித் தர ஒப்புக்கொண்டேன். ஆறு தவணை முடிந்திருக்கிறது.

தெருவில் கேட்ட அந்த இளைஞர்களில் ஒருவர், “அண்ணா, பிரெசிடெண்ட்ஸ் கப்ல அமெரிக்காதான எப்பவும் ஜெயிக்குது, அதுல என்ன ரிஸ்க்?” என்றார். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. 1994 முதல் எதிரணி வென்றது 1998இல் ஒரே முறை, 2003இல் ஒரு டை. ஆனால் அது ரேட் போடுகிறவருக்கும் தெரியும் என்பதால், 1,000 கட்டினால் லாபமாக வருவது சில நூறு ரூபாய்தான் இருக்கும். அதில் திருப்தி வராமல் சுற்றுக்குச் சுற்று, ஆளுக்கு ஆள் கட்டத் தோன்றும். நான் போன பாதை அதுவே. 2015இல் கொரியாவில் நம் அனிர்பன் லாஹிரி கடைசிக் குழியில் ஒரு சிறிய ‘பட்’ அடியைத் தவறவிட்டதையும், அமெரிக்கா 15½–14½ என்று ஒரே புள்ளியில் தப்பியதையும் அவருக்குச் சொன்னேன். பிறகு என் நோட்டைக் கொண்டுவந்து செப்டம்பர் 26, 27, 28 ஆகிய தேதிகளின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தொகையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, அடகு வைத்த வரியில் நின்றார்.

கம்மலை மார்ச் 27 அன்று மீட்டோம். அசல் 30,000, ஆறு மாத வட்டி 3,600. அந்தப் பணம் என் மனைவி வீட்டில் தையல் தைத்தும், அவளுடைய அண்ணனிடம் வாங்கியும் சேர்த்தது. கடையிலேயே கம்மலைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னேன். அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி இப்போது அவளிடம் இருக்கிறது.